ஒன்பதாவது பெயர்

சவரம் பாதியில் நின்றது. இடது கன்னத்தை முடித்துவிட்டு வினார்ஸி வலப்பக்கம் வந்தபோது அப்பா அவள் மணிக்கட்டைப் பிடித்தார். எழுபத்தைந்து வயதுக் கைதான். ஆனாலும் பிடித்தால் விடுவிக்க இரண்டு பேர் வேண்டும். சவரக்கத்தி முற்றத்து மண்ணில் விழுந்தது.

"கத்தியக் கீழ போட்டுட்டியா? நல்லது," என்றார் மர்ஜுகி. வலது கன்னத்தில் நுரை அப்படியே இருந்தது. "திரும்பு."

அவள் திரும்பினாள். துணிக்கொடியில் சுற்றியிருந்த பிளாஸ்டிக் நாரை அவர் உருவுகிற சத்தம் கேட்டது. இரண்டு கைகளையும் பின்னால் இழுத்து, கட்டைவிரல்களை மட்டும் சேர்த்துவைத்து, நாரைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி இறுக்கினார். மணிக்கட்டைக் கட்டினால் நெளித்துக் கழற்றிவிடலாம். கட்டைவிரலைக் கட்டிவிட்டால் எவ்வளவு பெரிய ஆளும் ஒன்றும் செய்வதற்கில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆறு மாதமாகவே அவர் கையில் நார் கிடைத்தால் போதும், எதையாவது கட்டிவிடுவார். நாற்காலிக் கால்கள், வெங்காயத் தாள், விடுமுறைக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்த பேத்தியின் விரல்கள். நாற்று முடிச்சுப் போட்டுப் பழகிய கை சும்மா இருக்குமா என்று வீட்டில் சிரிப்பார்கள். வினார்ஸியும் சிரித்தவள்தான், இரண்டு வாரத்துக்கு முன்புவரை.

"நட," என்றார். துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்திருந்த மூங்கில் கழி அவர் கைக்கு வந்திருந்தது.

சத்தம் போட்டிருந்தால் பக்கத்து வீட்டிலிருந்து அண்ணன் ஓடி வந்திருப்பான். அவள் கத்தவில்லை. ஞாபகம் கலங்கியவர்களோடு மல்லுக்கு நிற்காதீர்கள், அவர்கள் போக்கிலேயே போய், கேள்வி கேட்டு மெல்லத் திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று சுகாதார நிலையத்துப் பயிற்சியில் ஒரு நர்ஸ் சொல்லிக் கொடுத்திருந்தாள். அந்த நர்ஸுக்கு இருபத்தாறு வயது. அவள் விரலை யாரும் கட்டியதில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அவர் எங்கே கூட்டிப்போகிறார் என்று வினார்ஸிக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சோளக்கொல்லை வழியாக நடந்தார்கள். அவள் தடுமாறியபோதெல்லாம் கழி முனை முதுகில் குத்தியது. பழைய புகையிலைக் கொட்டாயைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனதும் நிறுத்தினார். அங்கே மூன்று வாழைக்குத்துகள் நின்றன. நடுவில் மண் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. சின்ன வயதில் அந்தப் பக்கம் விளையாடப் போனதற்கு இதே அப்பா அவளைப் புளிய மிலாறால் விளாசியிருக்கிறார். பாம்பு இருக்கும் என்றார்.

"மண்டி போடு."

போட்டாள். பிறகு, பயிற்சியில் சொல்லிக் கொடுத்தபடி, ஞாபகப் பரிசோதனைப் படிவத்தில் உள்ள நாலாவது கேள்வியைக் கேட்டாள். "அப்பா, நாம இப்ப எங்க இருக்கோம்?"

இந்தக் கேள்விக்கு அவர் இதுவரை ஒருநாளும் சரியாகப் பதில் சொன்னதில்லை. பஸ்ஸில் இருக்கிறோம் என்பார், சந்தை என்பார், மாமியார் வீடு என்பார்.

"எங்கன்னு தெரியாமயா வந்தே? கிணத்தடி," என்றார். "உள்ள எட்டுப் பேரு இருக்கான். எட்டிப் பாரு, தெரிஞ்சவங்கதான்."

"நான் யாரு?"

"ஒன்பது. கஸியான். முடிவெட்டுறவன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "நீ வெட்டினா ஒரு கீறல் விழாதுடா. என்ன பண்ணச் சொல்றே, பேரு எழுதிட்டாங்க. கண்ண மூடிக்கோ."

அடி பிடரிக்குச் சற்றுக் கீழே இறங்கியது. மூங்கில் பிளந்தது. வினார்ஸி முகம் மண்ணில் பட விழுந்து, வாயில் மண்ணோடு அடுத்த அடிக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்த்தபோது அப்பா வாழைக்குத்தில் சாய்ந்து வழுக்கிக்கொண்டிருந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது.

விரல்கள் கட்டுண்டிருந்ததால் அவளால் அவரைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை. முழங்காலாலேயே நகர்ந்துபோய் அவர் தலைக்குத் தன் தொடையை அணைவாகக் கொடுத்தாள். காய்ந்த நுரை அவள் பாவாடையில் அப்பியது. அந்தக் கிழவரைத் தன் கையாலேயே கொன்றுபோட வேண்டும் போலவும் இருந்தது, அவர் சாகவே கூடாது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள். அதற்குப் பிறகுதான் கத்தினாள். அண்ணன் வந்து சேர்வதற்குள் அவர் மூச்சு நின்றுவிட்டது.

கஸியான் என்ற பெயரை அப்பா வாயிலிருந்து அவள் முதன்முதலாகக் கேட்டது இரண்டு வாரத்துக்கு முன்னால், ஊர்ச் சாவடியில்.

மாதத்தில் முதல் செவ்வாய்க்கிழமை சாவடியில் முதியோர் முகாம் நடக்கும். எடை பார்ப்பது, ரத்தக் கொதிப்பு பார்ப்பது, கடைசியில் ஆளுக்கொரு கிண்ணம் பச்சைப்பயறுக் கஞ்சி. வினார்ஸியும் ரத்மியும் அதற்குத் தொண்டர்கள். ரத்மிக்கு ஐம்பத்தெட்டு வயது. முச்சந்தியில் கீரையும் கடலைச் சட்னியும் வைத்துச் சோற்றுப் பொட்டலம் விற்கிறவள். அந்த மாதம் புதிதாக ஞாபகப் பரிசோதனைப் படிவம் வந்திருந்தது. மூன்று வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்க வேண்டும்: பலாப்பழம், விளக்குமாறு, ரயில். அதற்குப் பிறகு இன்று என்ன கிழமை, இது எந்த இடம். கடைசியாக, ஒரு நிமிடத்துக்குள் எத்தனை மிருகங்களின் பெயரைச் சொல்கிறார்கள் என்று எண்ண வேண்டும்.

கிழடுகள் அதைப் பள்ளிக்கூடப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒரு தாத்தா சாவடி விளக்குமாற்றைக் காலுக்கடியில் ஒளித்துவைத்துக்கொண்டார். இன்னொரு கிழவி பலாப்பழத்துக்கு வயிற்றைத் தடவிக் காட்டித் தோழிக்குச் சாடை செய்தாள். சிரிப்புக்கெல்லாம் அடியில் ஒரு பயமும் இருந்தது. பெயரைக் கேட்டுத் தாளில் எழுதுகிறார்கள் என்றாலே அந்த வயதுக்காரர்கள் ஓர் அடி பின்வாங்குவார்கள். எதற்கு எழுதுகிறாய், யாருக்குப் போகும் என்று மூன்று தரம் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஏன் அப்படி என்று ஊரில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அறுபத்தைந்தாம் வருஷக் கடைசியில், கம்யூனிஸ்ட் கட்சிக்காரன் என்று பெயர் எழுதி, வீடு வீடாக ஆள் பிடித்துக்கொண்டு போன மாதங்களை அவர்கள் 'அந்த அமளி' என்று மட்டும் சொல்வார்கள். அதற்குமேல் பேச்சு வளராது.

ரத்மியின் அப்பா அந்த அமளியில் போனவர். மரத்தடியில் முடி வெட்டிக்கொண்டிருந்தார். கட்சி விழாவுக்கு வந்த கூத்துக்காரர்களுக்குச் சவரம் செய்தார் என்பது குற்றம். ரத்மிக்கு அப்போது ஐந்து வயது. வளர்ந்த பிறகு மருத்துவச்சிப் படிப்புக்கு மனுப் போட்டபோது, அவள் அப்பா பெயரைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நோன்புக்கு முந்தின வாரம் ஊரே மயானத்துக்குப் பூத் தூவப் போகும். ரத்மி மட்டும் பூ வாங்குவதில்லை, தூவுவதற்கு இடமில்லை.

மர்ஜுகியின் முறை வந்தபோது வினார்ஸிக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருபத்திரண்டு வருஷம் குடியிருப்புத் தலைவராக இருந்தவர், மின்கம்பம் கொண்டுவந்தவர், தொழுகைக் கூடத்துக்குச் சொந்த மனையைக் கொடுத்தவர். அவள் சின்னவளாக இருக்கையில் காய்ச்சல் கண்டபோது பதினொரு கிலோமீட்டர் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். அப்படிப்பட்டவர் ஊர் பார்க்கத் தோற்றுப்போவதா என்று, நாலு நாளாக வீட்டில் பலாப்பழம், விளக்குமாறு, ரயில் என்று கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லிவைத்திருந்தாள். ஒன்றும் நிற்கவில்லை. மிருகங்களைக் கேட்டதற்கு மாடு என்றார். அப்புறம் மறுபடியும் மாடு என்றார். கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அங்கேதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். படிவத்தில் இல்லாததைக் கேட்டாள்.

"மிருகம் வேண்டாம்ப்பா. மனுஷங்க பேரு சொல்லுங்க. உங்களுக்குத் தெரிஞ்சவங்க பேரு."

ரத்மி கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டு, பென்சிலோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மர்ஜுகி நிமிர்ந்து உட்கார்ந்தார். தாளைக் கையில் பிடித்துப் படிக்கிறவர் மாதிரி, ஒவ்வொரு பெயருக்கும் இடைவெளி விட்டுச் சொல்லத் தொடங்கினார். வாகிமான், தையல்காரன். சர்ஜு, வண்டிக்காரன். முக்ரி, வாத்தியார். பெயர், தொழில்; பெயர், தொழில். ரத்மி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டாள். ஐந்தாவது பெயரில் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கினார்கள். ஏழாவதில் மூலையிலிருந்த ஒரு கிழவர் எழுந்து வெளியே போனார். ஒன்பதாவது, "கஸியான், முடிவெட்டுறவன்."

ரத்மி அதற்கும் கோடு போட்டாள். பதினாலு வரைக்கும் போட்டாள். நேரம் முடிந்து கைப்பேசி கூவியதும் அணைத்துவிட்டு, பதினாலு என்று எழுதி, பக்கத்தில் 'ஞாபகம் நன்று' என்றும் எழுதினாள். பிறகு எழுந்துபோய்க் கஞ்சிக் கிண்ணங்களைக் கழுவினாள்.

மறுநாள் ரத்மி கடை திறக்கவில்லை. அதற்கடுத்த நாளிலிருந்து தினமும் காலையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். மர்ஜுகிக்கு ஊட்டிவிட்டு, அவர் வாயையே பார்த்துக்கொண்டு அரைமணி உட்கார்ந்திருப்பாள். ஒருநாளும் ஒன்றும் கேட்கவில்லை. அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று வினார்ஸிக்குத் தெரியும். பெயர் வந்த வாயிலிருந்து இடமும் வராதா என்று காத்திருந்தாள். பன்னிரண்டு நாள் வந்தாள். இன்றைக்கும் வருவாள்.

அண்ணன் ஹர்த்தோயோ கிராம அலுவலகத்தில் செயலர். அடுத்த வருஷம் ஊர்த்தலைவர் தேர்தலில் நிற்கப்போகிறவன். அப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சோளக்கொல்லை வழியாக வந்து, வீட்டுக்குள் கிடத்திவிட்டு, அதற்குப் பிறகுதான் தங்கையின் விரல்களைக் கட்டியிருந்த நாரை அரிவாளால் அறுத்தான்.

"வாசல்ல விழுந்தாருன்னு சொல்லு," என்றான்.

"கிணத்தடிக்கு இழுத்துட்டுப் போனாருண்ணே. என்னை…"

"வாசல்ல விழுந்தாரு."

"ரத்மியக்கா அப்பா அங்கதான்…"

அறைந்தான். இரண்டாவது அறையில் அவள் உதடு கிழிந்தது. தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து, சுவரோடு அழுத்தி, காதுக்குள் பேசினான்.

"ஊரே இப்பத்தான் மறந்திருக்கு. நீ ஞாபகப்படுத்தாத. அம்பது வருஷம் கழிச்சு எலும்பத் தோண்டி யாரு என்ன பண்ணப்போறா? நம்ம அப்பா பேரு நாறும், அவ்வளவுதான். நல்ல பேரோட மனுஷன் போகட்டும்."

அங்கே ஏது கிணறு என்று அவன் கேட்கவில்லை. அது அவள் மனதில் உதட்டைவிட அதிகமாக எரிந்தது.

ரத்மி வந்தபோது வாசலில் சாவுக்கான வெள்ளைக்கொடி கட்டியாகிவிட்டது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் கொடியைப் பார்த்தாள். பிறகு பொட்டலத்தை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே வந்து, இறந்தவரைப் பார்த்தாள். ஒரு கன்னம் மழமழவென்றிருந்தது, மறு கன்னத்தில் வெள்ளை முடி. நுரை காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. மீதியை மழித்துவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, ஊரில் சாவுச் சடங்கு நடத்தும் மோதின், இறந்த உடம்பில் முடி எடுப்பது ஆகாது, கழுவினால் போதும் என்று சொல்லிவிட்டார். முடிவெட்டுகிறவரின் மகள் அந்தப் பாதி முகத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வினார்ஸியின் கழுத்தில் ரத்தம் உறைந்திருப்பதை முதலில் பார்த்ததும் அவள்தான். கொல்லைக்கு அழைத்துப்போய், வெந்நீரில் துணி நனைத்து, காயத்தைத் துடைத்தாள்.

"எப்படிப் பட்டுச்சு?"

"மூங்கில் விழுந்துச்சுக்கா."

துணி காயத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. ரத்மியின் விரல்கள் மெத்தென்று இருந்தன. உன் அப்பாவுக்கு விழுந்த அடி இது, அதைத்தான் நீ துடைக்கிறாய் என்று சொல்ல வினார்ஸி வாயெடுத்தாள். கொல்லைக் கதவருகே அண்ணன் வந்து நின்றான். அவள் கைகளைச் சால்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அதற்குள் ரத்மி பார்த்துவிட்டாள்: இரண்டு கட்டைவிரல்களின் அடியிலும் சிவப்பாக வளையம். அவள் துணியைப் பிழிந்தாள், தண்ணீரைக் கொட்டினாள்.

பதினொரு மணிக்குக் கழுவல் முடிந்தது. பெண்கள் முற்றத்து ஓரத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்தார்கள். பாடைக்கு முன்னால் தூவுவதற்கு மஞ்சள் அரிசியும் ரோஜா இதழும் கலந்து இரண்டு மூங்கில் தட்டுகளில் வைத்தார்கள். ஊர் முழுக்க வந்திருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸும் வந்திருந்தாள். போன பரிசோதனையில்கூட நன்றாகத்தானே இருந்தார், பதினாலு என்று எழுதியிருந்ததே என்று வருத்தப்பட்டாள். எப்படி விழுந்தார் என்று கேட்டவர்களுக்கெல்லாம் அண்ணன் வாசலைக் கைகாட்டினான். அவர்களும் அங்கே ஏதோ இருப்பதுபோல வாசலைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

மதியத் தொழுகை முடிந்ததும் நான்கு பேர் பாடையைத் தோளில் ஏற்றினார்கள். முன்பக்க வலது முனையில் அண்ணன். பிள்ளைகள் மூன்று முறை பாடைக்குக் கீழே குனிந்து கடந்துபோக வேண்டும். வினார்ஸி குனிந்தபோது பிடரிக் காயம் விண்ணென்று தெறித்தது. அவளுக்கு ஒரு சாண் மேலே, துணிக்கும் மூங்கிலுக்கும் அந்தப் பக்கம், அந்தக் கைகள் இருந்தன. அவளைத் தோளில் தூக்கி நடந்த கைகளும் அவைதான்.

மோதின் முன்னால் வந்து நின்றார். இறந்தவர் யார் மனதையாவது புண்படுத்தியிருந்தால் பெரியமனசு பண்ணி மன்னிக்கச் சொன்னார். பிறகு, வழக்கப்படி, பாடை வாசலைத் தாண்டும் முன் கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"சாட்சி சொல்லுங்க. இந்த மர்ஜுகி நல்லவரா?"

"நல்லவர்," என்றது கூட்டம்.

வினார்ஸி கூட்டத்தில் ரத்மியைத் தேடினாள். மூங்கில் தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு மாமரத்தடியில் நின்றிருந்தாள்.

"நல்லவரா?"

"நல்லவர்."

அவள் வாய் திறக்க மாட்டாள் என்றுதான் வினார்ஸி நினைத்தாள். அந்த ஒரு வாயாவது மூடியிருக்கும், அதைப் பார்த்துக்கொண்டே காலத்தை ஓட்டிவிடலாம், சொல்லாமலே இருந்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கோழைக் கணக்கு ஓடியது.

"நல்லவரா?"

"நல்லவர்," என்றாள் ரத்மி. எல்லோரோடும் சேர்ந்து, எல்லோர் அளவுக்குமே சத்தமாக. ஐந்து வயதிலிருந்து ஊர் சொன்னதையெல்லாம் சொல்லியே உயிரோடிருந்தவள் இதையும் சொன்னாள்.

வினார்ஸியால் அதைத் தாங்க முடியவில்லை. நேராக மாமரத்தடிக்கு நடந்தாள். சால்வையை விலக்கி இரண்டு கட்டைவிரல்களையும் ரத்மியின் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"புகையிலைக் கொட்டாய்க்குப் பின்னால, மூடின கிணறு. அங்கதான்க்கா. உங்க அப்பா ஒன்பதாவது. காலையில என்னைய உங்க அப்பான்னு நெனச்சுத்தான் கட்டிக் கூட்டிட்டுப் போனாரு. இந்த அடியும் அவருக்குன்னு வந்ததுதான்."

குரலை உயர்த்தவில்லை. ஆனாலும் முற்றம் முழுக்க அமைதியாக இருந்த நேரம் அது.

"வினார்ஸி," என்றான் அண்ணன். கழுத்து நரம்பு புடைத்தது. அதற்குமேல் அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தோளில் அப்பா இருந்தார். தூக்கிய பாடையை இறக்கினால் அந்த வீட்டில் அடுத்த சாவு என்பார்கள். மற்ற மூன்று பேரும் யாரையும் பார்க்காமல் ஓர் அடி முன்னால் வைத்தார்கள். அவனும் வைக்க வேண்டியதாயிற்று. முன்னால் போனவர் அவசர அவசரமாகத் தன் தட்டிலிருந்து அரிசியை அள்ளி வீசத் தொடங்கினார்.

ஆண்கள் போனார்கள். மாமரத்தடியில் பெண்கள் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரத்மி வினார்ஸியின் விரல்களைப் பிடித்து, சிவந்த இடத்தைத் தன் பெருவிரலால் ஒருமுறை தடவினாள்.

"கிணத்துல தண்ணி இருந்துச்சாமா?"

"தெரியலக்கா. இப்ப வெறும் மண்ணு. வாழை நிக்குது."

ரத்மி தலையை ஆட்டினாள். தட்டில் இருந்த பூவையும் அரிசியையும் கையால் ஒன்றாக ஒதுக்கிக்கொண்டாள். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். முற்றத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மயானத்துக்குப் போகிற பாதையில் இறங்காமல், சோளக்கொல்லைப் பக்கம் திரும்பினாள். நாலு எட்டு போன பிறகு முதல் பிடியை அள்ளித் தன் முன்னால் தூவினாள்.

அடக்கம் முடித்து ஆண்கள் திரும்பியபோது பாதை பிரிகிற இடத்தில் கொஞ்சம் தேங்கி நின்றார்கள். ஹர்த்தோயோவின் சட்டைத் தோளில் மூங்கில் பதிந்த தடம் இருந்தது. இரண்டு பக்கமும் மஞ்சள் அரிசி கிடந்தது. கோழிகள் பாதியாகப் பிரிந்து, ஒரு கூட்டம் மயானப் பாதையிலும் ஒரு கூட்டம் சோளக்கொல்லைப் பாதையிலும் கொத்திக்கொண்டே போயின.